எட்டாய் மடித்த காகிதம்

எட்டு கிலோமீட்டர் வரைக்கும் ஈசிஜி அக்காவுக்குப் பயமே கிடையாது. எட்டைத் தாண்டினால் உயிர் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளேதான் கண்டுபிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. வருகிறவரைக் கட்டிலில் படுக்க வைப்பாள். கைகால்களில் கிளிப் மாட்டுவாள். மார்பில் ஆறு ரப்பர் குமிழ்களைக் கவ்வ வைப்பாள். "அசையாதீங்க, பேசாதீங்க, வீட்டுக் கவலையை வெளிய போய்ப் பட்டுக்கலாம்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்துவாள். கட்டம் போட்ட காகிதத்தில் இயந்திரம் கர்ரென்று கோடு வரைந்து துப்பும். ஒரு நாளைக்கு நாற்பது பேர். கூட்டிப் பார்த்தால் ஒரு குட்டி தேசமே அவள் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுத்து எழுந்து போயிருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்காகச் சுவரில் ஏழு விதிகளைத் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். அதை மீறுகிறவர்களை அவள் திட்டுகிற திட்டில் பக்கத்து எக்ஸ்ரே அறையில் படங்கள் மங்கலாக விழும் என்று சொல்வார்கள்.

இத்தனை இதயங்களைப் பார்த்தவளுக்குத் தைரியம் அல்லவா வளர்ந்திருக்க வேண்டும்? வளர்ந்தது பயம். ஓர் இதயம் எத்தனை விதமாகக் காலை வாரும் என்று பாமரருக்கு நாலு விதம் தெரியும், அவளுக்கு நானூறு தெரியும். போதாக்குறைக்கு அவள் அம்மா ஐம்பத்து நாலு வயதில் சமையலறைக் குழாயைத் திறந்தவள், அதை மூடாமலே போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்கு அடுத்த மாதம் ஐம்பத்து நாலு.

அப்படிப்பட்டவளை ஓட வைத்தது நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அறுபது வயது. நாள் பூராவும் புதுசாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியதால், சாவுக்கு அவள் மேல் பயம் வந்துவிட்டது. எமன் வந்தால்கூட "கண்ணாடியைப் பாத்துட்டு ரிவர்ஸ் எடு" என்பாள். மூச்சு விடாமல் பேசுவாள். ஓடும்போதும் பேசுவாள். அவள் வாயில் ஒரு காற்றாடியைப் பொருத்தினால் நாலு தெருவுக்கு விளக்கு எரியும்.

"இருபத்தியோரு கிலோமீட்டர் ஓட்டப் போட்டின்னா மலைச்சுப் போகாதேடி. யாராவது முதல் நாளே டாப் கியர் போடுவாங்களா?" என்று ஒரு பட்டியல் எழுதி அக்காவின் ஃபிரிஜ் கதவில் ஒட்டினாள். வார நாட்களில் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு. அப்புறம் உடம்பு ஆற ஒரு வாரம் பத்து. பிறகு பதினாறு, பதினெட்டு. அதற்கு மூன்று வாரம் கழித்துப் போட்டி. எல்லா நீள ஓட்டத்துக்கும் ஒரே பாதை. வீட்டிலிருந்து நேராகப் போக வேண்டும், பாதித் தூரத்தில் திரும்ப வேண்டும்.

அந்தத் 'திரும்ப வேண்டும்' என்பதில்தான் அக்கா தடுக்கி நின்றாள். சுற்றிச் சுற்றி ஓடினால் எந்த இடத்தில் விழுந்தாலும் வீடு கூப்பிடு தூரம். நேராகப் போனால் ஒவ்வொரு வாரமும் வீட்டிலிருந்து இன்னொரு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாக வேண்டும்.

பன்னிரண்டு ஓடிய ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. திரும்பி வரும்போது, டயர் கடையைத் தாண்டியதும், அவள் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தப்பிற்று. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அந்த மாதிரி ஒரு வெற்றிடம். பிறகு தொம்மென்று ஒன்று. பிறகு எல்லாம் பழையபடி. பக்கத்தில் நாத்தனார், எதிர்த் திசையில் வந்த ஒரு லாரியின் டிரைவருக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கூடவே ஓடினாள்.

மறுநாள் காலை, வெளிநோயாளிகள் வருமுன், அவள் அறைக்கதவைத் தாழிட்டாள். தன்னைத் தானே எடுப்பது என்று முடிவு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில், நோயாளிகள் தலை வாரிக்கொள்வதற்காக மாட்டிய பெரிய நிலைக்கண்ணாடி. அதைப் பார்த்துக்கொண்டே கிளிப்புகளை மாட்டினாள், குமிழ்களை ஒட்டினாள், படுத்தாள், பொத்தானை அழுத்தினாள். கர்ர்.

காகிதத்தைக் கிழித்து மூக்கருகே பிடித்தாள். முதல் கோடு தலைகீழாக இருந்தது. மேலே எழ வேண்டிய முனைகளெல்லாம் பாதாளத்தைப் பார்த்துத் தொங்கின.

இரண்டாவது கோட்டை அவள் பார்க்கவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியாததால் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் திணித்து மூடினாள். கதவைத் திறந்து "அடுத்து யாரு?" என்றாள். அன்றைக்கு நாற்பத்திரண்டு இதயம் பார்த்தாள், எல்லாம் அவளுடையதைவிட ஒழுங்காக இருந்தன.

டாக்டரிடம் காட்டலாம். மாடிப்படியில் இருபத்தியெட்டுப் படி ஏறினால் இதய டாக்டர். காட்டினால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார், 'ஓடாதீங்க' என்று. அதோடு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த கிழமை அது. காட்டாவிட்டால் ஓடலாம், சாகும் வரை. இந்த இரண்டுக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். வெறும் சுத்தமா அது? அலமாரிகளைக் காலி செய்து துடைத்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். கட்டிலை நகர்த்தி, கல்யாணமான வருஷம் தொலைந்த சீப்பைக்கூடக் கண்டெடுத்தாள். கடைசியில் ஏணி போட்டு ஏறிக் கூடத்து ஃபேனைத் துடைத்தாள். கணவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் ஃபிரிஜ் ரிப்பேர் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார், ஆனால் அந்தத் திறமை வீட்டில் வேலை செய்வதில்லை.

"யாரும்மா வர்றாங்க?"

"யாரும் வரலீங்க."

"அப்ப எதுக்கு ஃபேன் றெக்கையைத் தொடைக்கிறே?"

"ஒருவேளை வந்தா?"

"வந்தவங்க ஃபேனையா பாப்பாங்க?"

பார்ப்பார்கள். இழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறென்ன வேலை? அழுது முடித்ததும் உட்கார்ந்து அண்ணாந்து ஃபேனைத்தான் பார்ப்பார்கள். 'போனவ நல்லவதான், ஆனா ஒட்டடை' என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், ஏழேழு ஜென்மத்துக்கும் அழியாது.

பதினாலு கிலோமீட்டரை அவள் கழுத்து நரம்பில் இரண்டு விரலை வைத்தபடியே ஓடினாள். நாத்தனார் கேட்டாள்: "கழுத்து சுளுக்கா?" அக்கா சொன்னாள்: "சும்மாதான் அண்ணி." ஆறுகிற வாரத்துப் பத்து கிலோமீட்டரிலும் விரல் இறங்கவில்லை. ஒரு ஹாரன் அடித்தால் அதுதான் கடைசி என்று நினைத்தாள். ஒரு காகம் கத்தினால் தனக்காகத்தான் கத்துகிறது என்று நினைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகலே பேயாக இருந்தது.

பதினாறுக்கு முந்தின சனிக்கிழமை கணவரை வாஷிங் மெஷின் முன்னால் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. வெள்ளைத் துணிக்கு இந்தப் பொத்தான். கலர்த் துணிக்கு இது. ரெண்டையும் ஒண்ணாப் போடக்கூடாது. கேஸ் புஸ்தகம் மேல் டிராயர்ல. உங்க பிரஷர் மாத்திரை காலையில, சாப்பிட்டப்புறம்."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "என்னை விட்டுட்டு எங்கயாவது போகப் போறியா?"

"பதினாறு கிலோமீட்டர்தான் போறேன்."

"அவ்வளவுதானே?" என்று அவர் கேட்டதில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. வெள்ளைத் துணிக்கு எந்தப் பொத்தான் என்பதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை. பாதி வழி என்பது ஆற்றுப் பாலத்தின் நடு. அந்தப் பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். அக்காவின் கண்ணுக்கு அது பூமியைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை, குறுக்குச் சந்தில்லை, உட்கார ஒரு கல் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கீழே கறுப்பாய்த் தண்ணீர். லாரி போகும்போதெல்லாம் பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது. பாலம் அதிர்கிறதா தன் நெஞ்சு அதிர்கிறதா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நடுவிலிருந்த விளக்குக் கம்பத்தைத் தொட்டுத் திரும்பினார்கள். திரும்பிய மூன்றாவது எட்டில் அது வந்தது. ஒரு வெற்றிடம். பிறகு தொம்.

அக்கா நின்றுவிட்டாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் எட்டு கிலோமீட்டர். அங்கே வீடு, பளபளக்கும் ஃபேன். பின்னால் தெரியாத ஊர். கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் பத்தடி போய்த் திரும்பினாள். "என்னடி, நடு ரோட்ல ஹேண்ட் பிரேக் போட்டுட்டே? எழுந்திரு, பின்னால வண்டி வருது."

"அண்ணி, என்னால முடியாது. நான் செத்துடுவேன்."

"முதல் தடவை வண்டி எடுக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"இல்ல அண்ணி. எங்கிட்ட எழுத்துல இருக்கு."

இடுப்புப் பையிலிருந்து எட்டாய் மடித்த காகிதத்தை எடுத்தாள். விழுந்த இடத்தில் எடுக்கிறவர்களுக்குக் காரணம் தெரியட்டும் என்று அதை ஓட்டத்துக்கெல்லாம் கூடவே எடுத்து வந்துகொண்டிருந்தாள். வியர்வையில் ஊறி மடிப்பெல்லாம் அப்பளமாய் நொறுங்குகிற நிலை. நாத்தனார் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்படிப் பாத்தா நல்லாத்தானேடி இருக்கு?"

"அண்ணி!"

"எத்தனை நாளா வெச்சிருக்கே?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா? இஞ்சின்ல சிவப்பு லைட் எரியுது, நீ அது மேல பொட்டை ஒட்டி மறைச்சுட்டு ஓட்டுறியா? பக்கத்து சீட்ல நான் எதுக்குடி உக்காந்திருக்கேன், வேடிக்கை பாக்கவா?"

அதற்குப் பிறகு நாத்தனார் பேசவில்லை.

எட்டு கிலோமீட்டரும் நடந்தே வந்தார்கள். நாத்தனார் அக்காவின் கையை முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். டயர் கடை போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று, ஒருவன் சிக்னலை மீறிக் குறுக்கே பாய்ந்தான். நாத்தனார் அவனைத் திட்டவில்லை. அப்போதுதான் அக்கா நிஜமாகவே பயந்தாள். சிக்னலை மீறியவனைக்கூட இவள் விட்டுவிட்டாள் என்றால், தான் பிழைக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை நாத்தனார் அவளை இருபத்தியெட்டுப் படியும் ஏற்றி இதய டாக்டர் முன்னால் நிறுத்தினாள். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். டாக்டர் பேனா மூடியைக் கடிக்கிறவர். துடிப்பு தப்புகிற கதையை அக்கா சொல்ல, கேட்டுக்கொண்டே காகிதத்தைப் பிரித்தார். ஒரு விநாடி பார்த்தார். மூடியைக் கடிப்பதை நிறுத்தினார். அக்காவின் கண் முன்னால் அம்மா மூடாமல் போன குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு எடுத்ததுக்கா இது?"

"நான்தாங்க."

"நீங்களா? யாருக்கு?"

"எனக்கேதாங்க."

டாக்டர் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழ போங்க. உங்க சுவர்ல நீங்க ஒட்டியிருக்கிற நாலாவது விதியைப் படிச்சுட்டு வாங்க."

படிக்கவே வேண்டாம். அதை எழுதியவள் அவள். மூன்று முறை அழித்தெழுதிய வரி: 'முதல் கோடு தலைகீழாக இருந்தால் முதலில் கைகளைப் பார். பயப்படுவது பிறகு.'

அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். சிவப்புக் கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. முப்பத்தோரு வருஷமாக நோயாளி எப்போதும் அவளுக்கு எதிரே இருப்பார். ஆகவே நோயாளியின் வலது கை அவளுக்கு இடது பக்கம். அன்றைக்கு எதிரே இருந்தவள் நிலைக்கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தாள். பழகிய கை, அவளையும் ஒரு நோயாளி என்று எடுத்துக்கொண்டு, இடது பக்கம் தெரிந்த கையில் சிவப்பை மாட்டிவிட்டது. புதுப் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்தால் கட்டில் கால் ஆடுகிற அளவுக்குத் திட்டுகிறவள், தன் காகிதத்தைப் பார்த்ததும் எட்டாய் மடித்துவிட்டாள்.

"அப்ப இவளுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள் நாத்தனார். குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அப்படி நான் சொல்லலம்மா. துடிப்பு தப்புதுன்னு சொல்றாங்களே. அதைப் பாக்கணும்."

ஒழுங்காக ஒரு ஈசிஜி எடுத்தார்கள், ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டிரெட்மில் என்கிற ஓடுபொறியில் ஏற்றினார்கள். எத்தனையோ பேரை ஏற்றி, 'பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்று அவளே சொன்ன அதே பொறி. அதன் மேல் நின்றபோது அந்த வார்த்தைக்கு ஒரு பைசா மதிப்பில்லை என்று தெரிந்தது. நடக்க நடக்க டாக்டர் திரையையே பார்த்தார். அக்கா டாக்டரின் புருவத்தையே பார்த்தாள். அது ஒரு நூல் அளவு உயர்ந்தால் போதும், அவள் அங்கேயே விழுந்திருப்பாள். மூன்றாவது நிமிஷம் ஒரு துடிப்பு தப்பிற்று. புருவம் அசையவில்லை. பிறகு வேகத்தைக் கூட்டினார்கள், அவள் ஓடினாள், அது வரவேயில்லை.

"இது சும்மா ஒரு எக்ஸ்ட்ரா துடிப்பு. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கும் வரும். டீயைக் குறைங்க. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே நில்லுங்க, எங்கிட்ட வாங்க. மடிச்சு வெக்காதீங்க."

"அப்ப பதினெட்டு ஓடினா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"இன்னிக்கு நல்லா இருக்கு, ஓடுங்க. நாளைக்கு என்ன ஆகும்னு எழுதித் தர எங்கிட்ட மெஷின் இல்லக்கா."

பயம் போய்விட்டதா? போகவில்லை. முன்பு அதற்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு இடம் இருந்தது. இப்போது காகிதமும் போய்விட்டதால் அது உடம்பு முழுக்கச் சுதந்திரமாக உலாவியது. வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது ஒன்று தப்பிற்று. வெள்ளிக்கிழமை, ஒரு நோயாளிக்குக் கிளிப் மாட்டும்போது ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் பயந்துகொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். அடுப்பில் பொங்கி வழிந்த பால் காய்ந்து கிடந்தது. கட்டிலில் போர்வை சுருண்டபடி. கூடத்தில் அழுக்குத் துணி மலை மாதிரி. அதன் உச்சியில் அவருடைய ஓட்டை பனியன் கொடி மாதிரி.

"என்னம்மா இது, உடம்பு சரியில்லையா? நான் வேணா கழுவட்டுமா?"

"கையை வெச்சீங்க, தெரியும். எல்லாம் அப்படியே கிடக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுக்குத் திரும்பும் இடம் பாலத்தின் அந்தக் கரை. நாத்தனார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், ஆனால் பேச்சுக்கு நடுவே அவள் கண் ஓரமாக அக்காவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. பாலத்துக்குள் நுழைந்ததும் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. லாரி ஒன்று கடந்தது. காலுக்கடியில் அதிர்ந்தது. போன வாரம் உட்கார்ந்த கம்பத்துக்கு இருபதடி இருக்கும்போது அந்த வெற்றிடம் வந்தது. தொம்.

அக்காவின் கை தானாகக் கம்பியைத் தேடிப் போயிற்று. வலி இல்லை. தலை சுற்றவில்லை. மூச்சு இருக்கிறது. நின்றுவிடு என்றது உடம்பு பூராவும்.

அப்போது தொட்டியில் கிடக்கும் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. சொந்தக்காரர்கள் வரிசையாய்ச் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பால் காய்ந்த அடுப்பை ஒருத்தி நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். துணி மலையின் உச்சியில் அந்தப் பனியன்.

"என்னடி ஆச்சு?" நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள். "நிக்கலாமா?"

"ஒண்ணு தப்பிடுச்சு அண்ணி."

"வலிக்குதா?"

"இல்ல. பயமா இருக்கு."

"எனக்கும்தாண்டி."

"அப்ப பேசிக்கிட்டே வாங்க. அன்னிக்கு மாதிரி வாயை மூடிட்டு வந்தீங்கன்னா அதுலயே நான் செத்துடுவேன்."

நாத்தனார் மூச்சை இழுத்தாள். பின்னால் வந்த லாரியின் டிரைவர், அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன், அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் என்று ஆரம்பித்தாள். அக்கா கழுத்துக்குப் போன விரலை இறக்கினாள். கம்பத்தைத் தொடாமல் தாண்டினாள். எதிரே பாலம் இன்னும் முக்கால் கிலோமீட்டர் கிடந்தது. அதைப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, அத்தனை பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.